இருபது மைக்ரோநொடிக் காவல்

மின்னழுத்தம் எகிறுவதற்கு வானம் இடிக்க வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் 12 வோல்ட் ரிலே ஒன்று போதும். அதன் சுருளின் மின்தடை ஏறக்குறைய 400 ஓம். அதில் ஓடுவது வெறும் 30 மில்லிஆம்பியர். பிசி547 டிரான்சிஸ்டரை வைத்து இந்த ரிலேயை ஆன், ஆஃப் செய்யும் சர்க்யூட்டைப் பாலிடெக்னிக் முதலாண்டு மாணவர்கள்கூடப் போட்டுப் பார்த்திருப்பார்கள். சுருளின் குறுக்கே ஒரு டயோடு போட மறந்தால், சில முறை ஆஃப் செய்வதற்குள்ளேயே டிரான்சிஸ்டர் செத்துப்போகும்.

காரணம் எளியது. சுருளில் மின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலமாக ஆற்றல் சேர்கிறது. மின்னோட்டத்தை வெட்டினால் அந்த ஆற்றலுக்குப் போக்கிடம் வேண்டும். வழி கிடைக்காதபோது சுருளின் முனையில் மின்னழுத்தம் ஏறுகிறது. எவ்வளவு வேகமாக வெட்டுகிறோமோ அவ்வளவு உயரம். 12 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்த சுருள், வெட்டிய கணத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட்டைக் காட்டும். பிசி547 தாங்குவதோ 45 வோல்ட். சுருளின் குறுக்கே 1என்4007 டயோடைத் திருப்பிப் போட்டுவிட்டால், வெட்டிய மின்னோட்டம் அதன் வழியே சுருளுக்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். டிரான்சிஸ்டர் பார்ப்பது 12.7 வோல்ட்தான். ரிலே விடுபடச் சற்றுத் தாமதமாகும் என்பதைத் தவிர இதில் இழப்பு ஒன்றுமில்லை. ஒரு ரூபாய்ப் பொருள். சர்ஜ் எனப்படும் இத்தகைய திடீர் எகிறலுக்கு எதிரான பாதுகாப்பின் அடிப்படை முழுவதும் இதற்குள் இருக்கிறது: எகிறும் ஆற்றலை மறிக்காதே, போக வேறு வழி கொடு.

போர்வெல் மோட்டாரை நிறுத்தும்போதும், பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் செட் ஓடும்போதும், பெரிய குளிர்சாதனக் கம்ப்ரஸர் விழும்போதும் இதே விதி பெரிய அளவில் வேலை செய்கிறது. அதன் உச்சம் மின்னல். சாதாரணமான ஒரு மின்னல் வீச்சில் பாய்வது 30,000 ஆம்பியர் அளவு. அரிதாக 2 லட்சம் ஆம்பியரையும் தாண்டும். உச்சத்தைத் தொட அது எடுத்துக்கொள்வது சில மைக்ரோநொடிகள். வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. சில நூறு மீட்டர் தள்ளி ஒரு பனை மரத்தில் இறங்கினாலும், கம்பத்திலிருந்து கம்பத்துக்கு ஓடும் கம்பிகள் அந்தத் திடீர்ப் புலமாற்றத்தை வாங்கிக்கொள்ளும். அவற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி இடியிலும் கூரையில் ஒரு கீறல்கூட விழாத வீடுகளில் டிவியும் மோடமும் எல்இடி பல்புகளும் சேர்ந்து போவது இப்படித்தான்.

இயற்கையில் எந்த இரண்டு சர்ஜும் ஒன்றுபோல இருப்பதில்லை. சோதித்துப் பார்க்க ஒரு பொது அளவுகோல் தேவைப்பட்டது. அதற்காக ஆய்வகங்கள் இரண்டு அலைவடிவங்களை வைத்துக்கொண்டன. மின்னழுத்தத்துக்கு 1.2/50: 1.2 மைக்ரோநொடியில் உச்சம், 50 மைக்ரோநொடியில் பாதி. மின்னோட்டத்துக்கு 8/20: எட்டில் உச்சம், இருபதில் பாதி. 6000 வோல்ட், 3000 ஆம்பியர் தரும் சோதனைக் கருவி வீட்டு இணைப்புகளுக்கான கடும் சோதனைகளில் ஒன்று. அந்த 6000 வோல்ட் சும்மா வந்த எண் அல்ல. வீட்டு ஒயரிங்கிலும் பிளக் பாயிண்டிலும் அதற்கு மேல் ஏறினால் பெரும்பாலும் அங்கேயே பொறி தாவி விடும். அதுவே ஓர் இயற்கையான மேல்வரம்பு.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் பெயர் பிரான்சுவா மார்ட்ஸ்லாஃப். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலும், பிறகு அந்நாட்டின் தரநிர்ணய ஆய்வகத்திலும் பணியாற்றியவர். வீட்டு மின்கம்பிகளில் உண்மையில் என்னென்ன எகிறுகின்றன என்பதை அளந்து பார்த்துவிடுவது என்று 1960களில் இறங்கினார். அவரும் சக ஆய்வாளர் ஹானும் 1970இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. மின்கடிகாரங்களை வைத்துக் கிடைத்த ஓர் அனுபவம் மறக்க முடியாதது. கடிகார மோட்டாரின் தாங்குதிறனை 2000 வோல்ட்டிலிருந்து 6000 வோல்ட்டாக உயர்த்தியதும், பழுதாகி வருபவை நூறில் ஒரு பங்காகக் குறைந்தன. சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்துக்குள் இத்தனை ஆயிரம் வோல்ட் வந்து போகிறது என்பதை அதற்கு முன் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

கடிகாரத்துக்குக் கெட்டியான காப்பு போட்டால் போதும். சிப்புக்கு அது நடக்காது. 3.3 வோல்ட்டில் ஓடும் மைக்ரோகன்ட்ரோலருக்குள் மின்காப்பு அடுக்கின் தடிமன் நானோமீட்டரில் இருக்கிறது. அங்கே தாங்குதிறனை உயர்த்த இடமில்லை. எகிறலை வாசலிலேயே வேறு பக்கம் திருப்பியாக வேண்டும். ஏரிக்குக் கலிங்கு வைப்பது போன்ற வேலை இது. சாதாரண நீர்மட்டத்தில் கலிங்கில் ஒரு சொட்டு வழியக் கூடாது, மட்டம் மீறியதும் தயங்காமல் வழிய வேண்டும், வெள்ளம் வடிந்ததும் தானே நிற்க வேண்டும். சுவிட்சு இல்லாமல், கட்டளை இல்லாமல், ஒரு மைக்ரோநொடிக்குள் இதைச் செய்யும் பொருளைக் கண்டுபிடிப்பதுதான் சவால்.

அந்தப் பொருள் துத்தநாக ஆக்சைடு. சொறிக்குத் தடவும் காலமைன் லோஷனில் இருக்கும் அதே வெண்ணிறத் தூள். ஜப்பானின் மாட்சுஷிதா நிறுவனத்தில், இன்றைய பானசோனிக்கில், மிச்சியோ மாட்சுவோகா 1960களின் பிற்பகுதியில் இதை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். துத்தநாக ஆக்சைடுடன் பிஸ்மத், ஆன்டிமனி, கோபால்ட், மாங்கனீஸ் ஆக்சைடுகளைச் சிறிதளவு கலந்து, வில்லையாக அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டால் கிடைக்கும் பீங்கான் அதிசயமாக நடந்துகொள்கிறது என்பதை 1971இல் அவர் வெளியிட்டார். குறைந்த மின்னழுத்தத்தில் அது கிட்டத்தட்ட ஒரு காப்புப் பொருள். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் கிட்டத்தட்ட உலோகம். நேராக வந்தாலும் திரும்பி வந்தாலும் ஒரே நடத்தை, ஆகவே ஏசி மின்சாரத்துக்கும் பொருந்தும். இதைத்தான் மெட்டல் ஆக்சைடு வேரிஸ்டர், சுருக்கமாக எம்ஓவி என்கிறோம். பவர் சப்ளை போர்டில் ஃபியூசுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் நீல நிறத்தில், இரண்டு கால்களுடன் நிற்கும் வில்லை அதுதான்.

உள்ளே நடப்பது அழகானது. சுடும்போது 820 டிகிரியை ஒட்டிப் பிஸ்மத் ஆக்சைடு உருகிவிடுகிறது. துத்தநாக ஆக்சைடு மணிகள் அந்த உருகலின் நடுவே வளர்கின்றன. ஆறியபின் பார்த்தால், சில பத்து மைக்ரோமீட்டர் அளவுள்ள மணிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். சேர்த்த உலோகங்கள் மணிகளின் எல்லையில் போய்ச் சேர்ந்திருக்கும். மணியின் உட்பகுதி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எல்லைதான் மறிக்கிறது. அங்கே சிக்கிக்கொண்ட எலெக்ட்ரான்கள் தங்கள் எதிர்மின்னூட்டத்தால் பிறகு வரும் எலெக்ட்ரான்களைத் தள்ளி நிறுத்துகின்றன. ஓர் எல்லையின் இருபுறமும் 3 வோல்ட் அளவு வேறுபாடு வந்துவிட்டால், முண்டியடித்துத் தாண்டும் எலெக்ட்ரான்கள் எடுத்த வேகத்தில் புதிய மின்னூட்டங்களை உதிர்க்கின்றன, அவை தடுப்பைக் கரைத்துவிடுகின்றன, வெள்ளம் பாய்கிறது. எந்த எல்லையாக இருந்தாலும் இந்த 3 வோல்ட் கணக்கு ஏறக்குறைய மாறாது. ஆகவே வில்லையின் தடிமனில் எத்தனை எல்லைகள் வரிசையாக நிற்கின்றன என்பதே அது எந்த மின்னழுத்தத்தில் திறக்கும் என்பதை முடிவு செய்கிறது. தடிமன் கூடினால் வோல்ட் கூடும். வில்லையின் அகலம் கூடினால் தாங்கும் ஆம்பியர் கூடும். சூளைக்காரரின் கைப்பக்குவம் நேரடியாக மின்னியலாக மாறுவதை வேறெந்த உதிரிப்பாகத்திலும் நான் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

இதற்கு முன்பு மின்கம்பங்களில் சிலிக்கான் கார்பைடு வில்லைகள் இருந்தன. அவற்றில் மின்னோட்டம், மின்னழுத்தத்தின் நான்காம் அல்லது ஐந்தாம் மடியாக ஏறும். துத்தநாக ஆக்சைடில் அந்த மடி 50 வரை போகும். மின்னழுத்தம் பத்து சதவீதம் ஏறினால் சிலிக்கான் கார்பைடில் மின்னோட்டம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கூடும். துத்தநாக ஆக்சைடில் நூறு மடங்குக்கு மேல். சிலிக்கான் கார்பைடு எப்போதும் கொஞ்சம் கடத்திக்கொண்டே இருந்ததால், அதற்கு முன்னால் ஒரு பொறி இடைவெளி வைக்க வேண்டியிருந்தது. புதிய பொருள் வந்ததும் அந்த இடைவெளியே தேவையற்றுப் போனது. இன்று தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் 11,000 வோல்ட் கம்பி வந்து இறங்கும் இடத்தில் தட்டுத் தட்டாக அடுக்கியதுபோல மூன்று குழாய்கள் நிற்பதைப் பார்க்கலாம். லைன்மேன்கள் எல்.ஏ. என்று சொல்லும் லைட்னிங் அரெஸ்டர் அதுதான்; வழக்கமாக 9 கிலோவோல்ட், 5 கிலோஆம்பியர். உள்ளே அடுக்கியிருப்பது டிவி போர்டில் இருக்கும் வில்லையின் பெரிய உறவினர்கள்.

கடையில் வாங்கும் வில்லையின் மேல் 14டி471கே என்று எழுதியிருக்கும். 14 மில்லிமீட்டர் வட்டு. 47க்குப் பின் ஒரு பூஜ்யம், அதாவது 1 மில்லிஆம்பியர் பாயும்போது 470 வோல்ட். கடைசி எழுத்து பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்கிறது. பத்து சதவீதம் குறைந்தால் 423. நம் வீட்டு 230 வோல்ட்டின் உச்சம் 325. மின்சாரம் சற்றே ஏறி 300 வோல்ட்டாக நின்றாலும் உச்சம் 424தான்; வில்லை விழிப்பின் விளிம்பில்தான் நிற்கும். கணக்கு இவ்வளவு நெருக்கமாகப் போடப்பட்டிருக்கிறது. ஆனால் பலரும் கவனிக்காத வரி தரவுத்தாளில் அடுத்ததாக வரும்: 50 ஆம்பியர் பாயும்போது 775 வோல்ட். சில ஆயிரம் ஆம்பியர் வந்தால் ஆயிரத்தைத் தாண்டும். எம்ஓவி இருப்பதால் கருவிக்குள் 230 வோல்ட்தான் போகும் என்று நினைத்துக்கொள்வது தவறு. 6000 வோல்ட்டாக வந்திருக்க வேண்டியதை ஆயிரத்துச் சொச்சமாக அது மட்டுப்படுத்துகிறது. மீதியை அதன் பின்னால் நிற்கும் இண்டக்டரும், ரெக்டிஃபயரும், பெரிய மின்தேக்கியும் பங்குபோட்டுத் தாங்க வேண்டும். நல்ல வடிவமைப்பாளர் ரெக்டிஃபயருக்கு 1000 வோல்ட் தாங்கும் டயோடைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். 600 வோல்ட் டயோடு போட்டு இரண்டு பைசா மிச்சம் பிடிப்பவர் எம்ஓவிக்குச் செலவழித்த காசையும் வீணாக்குகிறார்.

அந்த வில்லை ஒரே ஒரு முறை 4500 ஆம்பியர் அடியைத் தாங்கும். பலமுறை என்றால் அளவு வேகமாகக் குறைகிறது. ஒவ்வொரு பெரிய அடியிலும் சில மணி எல்லைகள் நிரந்தரமாகக் கெடுகின்றன. திறக்கும் மின்னழுத்தம் மெல்ல இறங்குகிறது. 470 என்பது பத்து சதவீதத்துக்கு மேல் நகர்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்ததாகக் கொள்வது வழக்கம். வெளியே பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். திறக்கும் அளவு இறங்க இறங்க, சாதாரண மின்சாரத்தின் உச்சத்திலேயே கொஞ்சம் கசியத் தொடங்கும். கசிந்தால் சூடு, சூடானால் இன்னும் கசிவு. கடைசியில் அந்த வில்லையே தீப்பொறியாகிவிடுகிறது. கருகிய எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் சிலவற்றின் கதை இதுவே. ஆகவே ஒழுங்கான தயாரிப்புகளில் எம்ஓவியை ஒட்டி ஒரு வெப்ப ஃபியூஸ் கட்டியிருப்பார்கள், அல்லது வில்லையும் வெப்ப ஃபியூசும் ஒரே கூட்டுக்குள் வரும். சூடு ஏறினால் வில்லை தனியே கழன்றுகொள்ளும்.

நம் ஊரில் எம்ஓவிகளைக் கொல்வதில் மின்னலுக்குச் சமமான போட்டியாளர் ஒன்று உண்டு: அறுந்த நியூட்ரல். மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல் என்று ஓடும் வரிசையில் நியூட்ரல் கம்பி எங்காவது துண்டித்துக்கொண்டால், தெருவின் இரண்டு ஃபேஸ்களில் இருக்கும் வீடுகள் ஒன்றுக்கொன்று தொடராக மாட்டிக்கொள்கின்றன. ஒரு பக்கம் விளக்கு மங்கும். மறுபக்கம் 400 வோல்ட்டை நெருங்கி ஏறும். 400 வோல்ட்டின் உச்சம் 565. வில்லையின் 470ஐ இது தாண்டிவிடுவதால், நொடிக்கு நூறு முறை, ஒவ்வொரு அரைச் சுற்றிலும் எம்ஓவி திறந்து திறந்து பாய்கிறது. இருபது மைக்ரோநொடிக்காகப் படைக்கப்பட்ட பொருளை நிமிடக்கணக்கில் வேலை வாங்கினால் என்ன ஆகும்? வெடிக்கும். ஃபியூசைக் கூட்டிக்கொண்டு போகும். பல நேரங்களில் மீதிப் போர்டு அதனால் பிழைத்துவிடும். ஆனாலும் இதற்குச் சரியான மருந்து எம்ஓவி அல்ல. மின்னழுத்தம் வரம்பு மீறினால் இணைப்பையே துண்டிக்கும் ஓவர்வோல்டேஜ் ரிலே தனியாக வேண்டும்.

பழுது பார்க்கும் மேசையில் இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு உறுத்தல். கருகிய வில்லையைக் கட்டரால் வெட்டி எறிந்து, புது ஃபியூஸ் போட்டால் கருவி ஓடிவிடும். எம்ஓவி மின்பாதையின் குறுக்கே நிற்பது. அது இல்லாவிட்டாலும் சர்க்யூட் முழுமைதான். வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி, மெக்கானிக்குக்கும் வேலை முடிந்தது. அடுத்த இடியில் அந்தப் போர்டு மொத்தமாகப் போகும்போது யாரும் வெட்டியெறிந்த வில்லையை நினைத்துப் பார்ப்பதில்லை. சென்னை ரிச்சி தெருவிலோ உள்ளூர் ஸ்பேர் கடையிலோ சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் இது. பக்கத்திலேயே அதே உருவத்தில் இன்னொரு வில்லை நிற்கும், பெரும்பாலும் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ. அது என்டிசி தெர்மிஸ்டர். ஆன் செய்யும்போது மின்தேக்கி மொத்தமாக உறிஞ்சும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்த, பாதையில் தொடராக இருப்பது. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒன்று சுவிட்சு போட்டவுடனே வெடிக்கும், மற்றது கருவியை ஓடவே விடாது.

எம்ஓவிக்கு ஒரு குறை உண்டு. அந்த வில்லை தானே ஒரு மின்தேக்கி, நூற்றுக்கணக்கான பிகோஃபாரட். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது பொருட்டல்ல. வேகமாகத் தரவு ஓடும் கம்பியில் போட்டால் சிக்னலையே விழுங்கிவிடும். டெலிபோன், கேபிள், ஆன்டெனாக் கம்பிகளுக்கு வேறு ஆள் வேண்டும். வாயுக் குழல்கள் அங்கே வருகின்றன. சின்னப் பீங்கான் உருளை, இரண்டு அல்லது மூன்று உலோக முனைகள், உள்ளே ஆர்கான், நியான் போன்ற மந்த வாயு. மின்தேக்கம் ஒரு பிகோஃபாரட் அளவுதான்; கசிவு கிட்டத்தட்ட இல்லை. வரம்பு மீறினால் உள்ளே ஒரு குட்டி மின்வில் பற்றிக்கொள்ளும். பற்றியபின் முனைகளுக்கிடையே நிற்பது 10 முதல் 20 வோல்ட்தான். அதனால்தான் பல ஆயிரம் ஆம்பியர் பாய்ந்தும் அது அதிகம் சூடாவதில்லை. குறை, அது பற்றிக்கொள்ள நேரம் பிடிக்கும். 230 வோல்ட் என்று எழுதிய குழல், வேகமாக ஏறும் சர்ஜில் 600, 700 வோல்ட் வந்த பிறகே பற்றும். இந்தத் தாமதத்தைக் குறைக்க ஒரு காலத்தில் குழலுக்குள் துளி கதிரியக்கப் பொருளும் சேர்த்தார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், பற்றிய வில் அணைய வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தின் குறுக்கே வாயுக் குழலை நேராகப் போட்டால், சர்ஜ் போன பிறகும் வீட்டு மின்சாரமே அந்த வில்லுக்குத் தீனி போடும். எம்ஓவியையும் குழலையும் தொடராகக் கட்டினால் இரண்டின் குறையும் தீர்கிறது. குழல் இருப்பதால் எம்ஓவியில் கசிவில்லை, ஆகவே முதுமையும் மெதுவாக வரும். எம்ஓவி இருப்பதால் வில் அணைகிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே குழலைத் தனியாகவே போடலாம், அங்கே வில்லைத் தொடர்ந்து எரியவைக்கும் மின்னழுத்தம் சாதாரணமாக இருப்பதில்லை.

மூன்றாவது ஆள் சிலிக்கான். டிவிஎஸ் டயோடு என்பது ஜீனர் டயோடின் உறவுதான்; ஆனால் சந்திப் பரப்பை அகலமாக வைத்து, கணநேரப் பேரடியை வாங்குவதற்கென்றே செய்தது. துல்லியத்தில் இதை எம்ஓவியால் நெருங்க முடியாது. எஸ்எம்பிஜே5.0ஏ என்ற நெல்மணி அளவுப் பாகம் 5 வோல்ட் கம்பியில் சும்மா நிற்கும். 65 ஆம்பியர் அடி வந்தாலும் 9.2 வோல்ட்டைத் தாண்ட விடாது. 600 வாட் உச்சத்திறன், அதுவும் ஒரு மில்லிநொடி அளவுக்கே. அதிகப்படியான ஆற்றல் வந்தால் உள்ளேயே உருகி ஒட்டிக்கொள்ளும், பின்னாலிருக்கும் சிப்பைத் தன் உயிரைக் கொடுத்துக் காக்கும். செல்போனின் யுஎஸ்பி துளைக்குப் பின்னால் இதன் மிகச் சிறிய வகைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. மின்தேக்கம் அரை பிகோஃபாரட்டுக்கும் கீழே. அவற்றின் எதிரி மின்னல் இல்லை, நம் விரல்தான். குளிரூட்டிய அறையில் நைலான் கம்பளத்தின் மேல் நடந்துவிட்டுத் தொட்டால் பாயும் பொறியை, ஏறத்தாழ 3000 வோல்ட்டைத் தாண்டினால்தான் நம் தோல் உணரும். அதற்குக் கீழே எத்தனை பொறி போனாலும் நமக்குத் தெரியாது, சிப்புக்குத் தெரியும். சோதனைச்சாலையில் 8000 வோல்ட் பொறியை நேராக வைத்துப் பார்க்கிறார்கள்: ஒரு நானோநொடிக்குள் 30 ஆம்பியர்.

மூன்றையும் ஒரே கம்பியில் வரிசையாகப் போட்டால் மும்மடங்குப் பாதுகாப்பு என்று தோன்றும். வெறுமனே இணையாகப் போட்டால் நடப்பது வேறு. டிவிஎஸ் வேகமானது, குறைந்த மின்னழுத்தத்தில் திறப்பது. ஆகவே முழு வெள்ளத்தையும் அதுவே முதலில் வாங்கும். கம்பியில் மின்னழுத்தம் ஏறாததால் வாயுக் குழலுக்குப் பற்றிக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது. பலசாலி தூங்க, மெலிந்தவன் அடி வாங்கிச் சாவான். நடுவில் சில ஓம் மின்தடையோ ஒரு சிறு இண்டக்டரோ தொடராக வேண்டும். டிவிஎஸ் இழுக்கும் மின்னோட்டம் அந்தத் தடையில் மின்னழுத்தத்தை உயர்த்தும். அந்த உயர்வு முன்னாலிருக்கும் குழலை எழுப்பும். எழுந்ததும் பெரும் பங்கு அதன் வழியே போய்விடும். தரவுத்தாள் பார்த்து மூன்று நல்ல பாகங்கள் வாங்குவது எளிது. அவற்றுக்கு இடையில் ஒரு சாதாரண 10 ஓம் ரெசிஸ்டர் ஏன் நிற்கிறது என்று புரிந்து வைப்பதுதான் இந்தத் தொழில்.

இனி கம்பி. என் பார்வையில் வீடுகளில் சர்ஜ் பாதுகாப்பு தோற்பது வில்லையில் அல்ல, கம்பியில்தான். நேரான ஒரு மீட்டர் ஒயருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. சாதாரண மின்சாரத்துக்கு அது பூஜ்யம் மாதிரி. 8 மைக்ரோநொடியில் 3000 ஆம்பியர் ஏறும் சர்ஜுக்கு, ஒவ்வொரு மீட்டரும் 375 வோல்ட். டிஸ்ட்ரிபியூஷன் போர்டில் சர்ஜ் புரொடெக்டரை மாட்ட இடமில்லை என்று ஒதுக்குப்புறமாக வைத்து, போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் ஒயர் இழுத்தால், வில்லை தடுத்து நிறுத்திய மின்னழுத்தத்தின் மேல் இன்னொரு 750 வோல்ட் ஏறிக்கொள்ளும். சுவரில் அழகாகச் சுருட்டி வைத்த ஒயர் இன்னும் மோசம். இணைப்புக் கம்பிகளின் மொத்த நீளம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேச விதிகள் சொல்வதற்கு இதுவே காரணம். தடித்த ஒயர் போட்டேனே என்று எலக்ட்ரீஷியன் சொல்லலாம். இங்கே தடிமனால் அதிகப் பயனில்லை, நீளத்தைத்தான் குறைக்க வேண்டும்.

எர்த்துக் குழி பற்றி இன்னும் பெரிய மயக்கம் இருக்கிறது. கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி, 5 ஓமுக்குக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும் என்று நம்புகிறோம். 3000 ஆம்பியர் 5 ஓம் வழியே போனால் 15,000 வோல்ட். அந்தக் கணத்தில் வீட்டின் எர்த் முழுவதும் தூரத்து மண்ணைவிட 15,000 வோல்ட் உயரத்தில் நிற்கும். வீட்டுக்குள் எல்லாமே சேர்ந்து உயர்ந்தால் ஒரு கேடும் இல்லை. உயரமான கம்பியில் உட்கார்ந்த காகத்துக்கு எதுவும் ஆவதில்லையே. வெளியிலிருந்து வரும் இன்னொரு கம்பிக்கு மட்டும் இந்த உயர்வு தெரியாது. கேபிள் டிவி கம்பி மொட்டை மாடி வழியாகத் தெருவிலிருந்து வருகிறது. டெலிபோன் கம்பி வேறு கம்பத்திலிருந்து வருகிறது. மின்சாரமும் சிக்னலும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கும் இடம் டிவி, மோடம், செட்டாப் பாக்ஸ். இரண்டு உலகங்களின் வித்தியாசம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் பொறியாகத் தாவுகிறது. பிளக்கைப் பிடுங்கி வைத்த டிவியும் எரிந்துபோன புதிர் இப்படி அவிழும்: கேபிளைக் கழற்றவில்லை. மார்ட்ஸ்லாஃப் பல ஆண்டுகள் வலியுறுத்தியதும் இந்தச் சந்திப்பைத்தான். வீட்டுக்குள் நுழையும் எல்லாக் கம்பிகளின் காவலும் ஓரிடத்தில் இருந்து, ஒரே எர்த்தில் குட்டைக் கம்பியால் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆளுக்கொரு எர்த் குழி என்பது பாதுகாப்பாகத் தோன்றும் ஆபத்து. ஃபைபர் இணைப்பு இந்த ஒரு விஷயத்தில் பெரிய வரம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கொண்டுவராது. உள்ளே உறுதிக்காக வைத்த எஃகுக் கம்பியை மட்டும் கவனித்தால் போதும்.

கடையில் கேட்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை சில. ஸ்டெபிலைசர் சர்ஜைத் தடுக்காது. அது ரிலேயைத் தட்டி டிரான்ஸ்ஃபார்மரின் முனையை மாற்றுவதற்கு மில்லிநொடிகள் ஆகும். சர்ஜ் அதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் வந்து போய்விடும். எம்சிபிக்கும் இதே நிலைதான். ஸ்பைக் பஸ்டர் என்று விற்கும் பெட்டிகளில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் இடையே தனித்தனியே எம்ஓவி இருக்க வேண்டும். மலிவானவற்றைத் திறந்தால் ஒன்றே ஒன்று இருக்கும், அல்லது சிவப்பு விளக்கும் சுவிட்சும் மட்டும் இருக்கும். மூன்றாவது பின்னை உடைத்து இரண்டு பின் அடாப்டரில் சொருகினால் எர்த்துக்குப் போகும் வில்லைகள் அந்தரத்தில் தொங்கும். போர்டில் மாட்டும் இரண்டாம் வகை (டைப் 2) புரொடெக்டரை முதலில் போட்டு, பத்து மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் விலையுயர்ந்த கருவிக்குப் பக்கத்தில் மூன்றாம் வகையை இன்னொன்றாக வைப்பதே முறை. போர்டுப் புரொடெக்டரில் சின்னச் சன்னல் இருக்கும். பச்சை சிவப்பாக மாறியிருந்தால் உள்ளிருக்கும் வில்லை தன் வெப்ப ஃபியூசோடு கழன்றுகொண்டது என்று பொருள். மின்சாரம் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும், ஆகவே யாரும் அந்தச் சன்னலைப் பார்ப்பதில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு முறை பாருங்கள். கார்ட்ரிட்ஜை மட்டும் உருவி மாற்றலாம்.

மின்னல் வீட்டின் மேலேயே இறங்கினால் மேலே சொன்ன வில்லையும் குழலும் டயோடும் தனியாக நின்று காக்காது. அதற்குக் கூரையில் இடிதாங்கி, தரை வரை இறங்கு கம்பி, போர்டில் நீண்ட அலையைத் தாங்கும் முதல் வகைப் புரொடெக்டர் என்று முழு ஏற்பாடு வேண்டும். அது இல்லாத வீட்டில் பிளக்கையும் கேபிளையும் சேர்த்துக் கழற்றி வைப்பதைவிட நல்ல காவல் இல்லை. ஆனால் மேகம் கறுக்கும்போதே கழற்றிவிட வேண்டும். இடி தொடங்கிய பிறகு அந்தக் கம்பிகளில் கை வைக்கப் போகாதீர்கள். டிவி போனால் வாங்கிக்கொள்ளலாம்.